வியாழன் முகத்தில் ஒரு கடிகாரம்

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர் ஒருவர் மாலை விளக்கேற்றும் வேளையில், மும்பை மாதுங்காவிலுள்ள அவர் தம்பியின் வீட்டு மாடியில் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும். இருவர் கைக்கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது. கதிரவன் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பின்னாக மறைகிறான். இவ்வாறு ஊருக்கு ஊர் வேறுபடாமல், நாட்டின் எந்த மூலையிலிருந்து நோக்கினும் அதே நிமிடத்தில் காணக்கூடிய நிகழ்ச்சி ஏதேனும் வானில் உண்டா? உண்டு. அதைக் காணப் பெரிய வானாய்வகம் வேண்டியதில்லை. 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள ஒரு தொலைநோக்கியும், மொட்டைமாடியும், சிறிது பொறுமையும் போதும்.

குருப்பெயர்ச்சி என்றால் நம்மில் அறியாதார் இலர். வியாழன் கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆவதால், ஆண்டுக்கு ஓர் இராசியாக நகர்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அந்த வியாழனை 1610ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ தொலைநோக்கியால் பார்த்தபொழுது, அதன் அருகே சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அவை இரவுக்கிரவு இடம் மாறின. ஆயினும் வியாழனை விட்டு விலகவில்லை. அயோ, யுரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்னும் நான்கு பெருந்துணைக்கோள்கள் அவை. கனிமீடு புதன் கோளைவிடப் பெரியது. அயோ 42½ மணி நேரத்தில் வியாழனை ஒருமுறை சுற்றிவிடுகிறது. கலிஸ்டோவுக்கு அதற்கு 17 நாட்கள் வேண்டும்.

அயோ ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வியாழனுக்குப் பின்னே மறைகிறது. ஒருமுறை அதன் முகத்தைக் குறுக்கே கடக்கிறது. கடப்பதற்கு ஏறத்தாழ 2¼ மணி நேரம் ஆகும். ஆனால் புதிதாகப் பார்ப்பவர் இங்கே ஏமாறுவது வழக்கம். விளிம்பைத் தொடும்வரை தெளிவாக இருந்த துணைக்கோள், உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் காணாமற்போய்விடும். வெள்ளைச் சுவரில் ஒட்டிய அரிசிமணியைத் தொலைவிலிருந்து தேடுவது போன்றதே அதனைத் தேடுவதும். கண்ணுக்கு எளிதில் அகப்படுவது துணைக்கோள் அன்று. வியாழனின் மேகங்களின்மீது விழும் அதன் நிழல். தாளில் மைப்பேனாவின் முனை பட்ட இடம்போல, கறுத்து, வட்டமாக, ஐயத்திற்கு இடமின்றி அது தெரியும். அந்தப் புள்ளி விழும் இடத்தில் அப்பொழுது முழுச் சூரிய கிரகணம் நடைபெறுகிறது. நாம் பூமியிலிருந்துகொண்டே வேறோர் உலகின் கிரகணத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம்.

பூமி கதிரவனுக்கும் வியாழனுக்கும் நடுவே வரும் காலம் ஏறத்தாழ 13 திங்களுக்கு ஒருமுறை நேர்கிறது. அதற்கு முந்திய வாரங்களில் நிழல் முன்னே செல்ல, துணைக்கோள் பின்தொடரும். பிந்திய வாரங்களில் துணைக்கோள் முன்னே, நிழல் பின்னே.

தில்லியில் நடுவணரசின் மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாங்கள் சிலர், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு மார்கழி இரவில் இதனைக் காண முனைந்தோம். அயோ வியாழனின் முகத்தில் நுழையும் நேரம் 20.40 என அட்டவணை கூறிற்று. இரவு 8.40க்குக் கம்பளியும் குல்லாயுமாக மாடியில் கூடினோம். ஒன்றும் நிகழவில்லை. 10 மணிவரை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தோம். கீழ்வீட்டு மாமி, “தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களோ?” என்று வினவினார். தவறு கருவியில் இல்லை. ஒரு சொல்லுக்கு மூன்று அகராதி புரட்டும் நாங்கள், அட்டவணையின் தலைப்பிலிருந்த ‘உலகப் பொதுநேரம்’ என்னும் இரண்டு சொற்களைப் படிக்காமலே விட்டிருந்தோம்! 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இந்திய நேரம் நள்ளிரவு கழிந்து 2.10 ஆகிறது.

மீண்டும் மாடியேறியவர் பாதிப்பேரே. இரவின் தொடக்கத்தில் மாடிச்செங்கல் பகல் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருந்ததால் நீரடியில் கிடந்த நாணயம்போல் நெளிந்த வியாழன், இப்பொழுது அசைவற்று நின்றது. அயோ 2.10க்கு விளிம்பைத் தொட்டது; முழுதும் உட்புக 3½ நிமிடம் ஆயிற்று; பின்னர் மறைந்தது. அரை மணி கழிவதற்குள் அதே விளிம்பில் கறுப்புப் புள்ளி ஒன்று முளைத்தது. மாமியும் வந்திருந்தார். கண்ணை எடுக்காமல், “இது நகருகிறதே!” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

உலகனைத்திற்கும் ஒரே அட்டவணை எவ்வாறு பொருந்துகிறது? நிகழ்ச்சி நடப்பது வியாழனில். நம் ஊரில் அன்று. அங்கிருந்து ஒளி வர, அது நமக்கு அண்மையிலிருக்கும் காலத்திலேயே 35 நிமிடம் ஆகிறது. ஆனால் வியாழன் அடிவானத்திற்கு மேலிருக்கும் எல்லா ஊர்களுக்கும் அது ஒருங்கே வந்துசேர்கிறது. வியாழன் தொலைவிலிருக்கும் திங்கள்களில் அயோவின் கிரகணங்கள் பிந்தித் தெரிவதைக் கொண்டே, ஒளி பரவுவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை 1676இல் பாரிசில் ஓலே ரோமர் நிறுவினார்.

இப்பொதுமையே பண்டைய நிலப்பட அறிஞர்க்குக் கைகொடுத்தது. துணைக்கோள் வியாழனின் நிழலுட்புகுந்து மறைவதைக் கிரீனிச்சில் ஒருவர் இரவு 8 மணிக்குக் காண்கிறார் என்போம். அதே மறைவைச் சென்னையில் காண்பவரின் கடிகாரம், அவ்வூர் உச்சிப்பொழுதைக் கொண்டு திருத்தப்பட்டிருந்தால், 1.21 என்று காட்டும். வேறுபாடு 5 மணி 21 நிமிடம். 4 நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் கணக்கிட்டால், சென்னையின் தீர்க்கரேகை 80¼ பாகை எனக் கிடைக்கிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் பல்லாண்டுகள் இக்கிரகணங்களைக் கண்டு குறித்து, அவ்வூரின் தீர்க்கரேகையைக் கணித்தார். அவ்வாய்வகத்தின் கருங்கற்றூணில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது.

பின்னாளில் இந்திய இரயில்வேக்கள் மேற்கொண்டது மதராஸ் நேரத்தையே. வடக்கே பிழைப்புத் தேடி இரயிலேறிய நம் முன்னோர் பலர், வண்டி புறப்படும் நேரத்தைப் பார்த்தது அந்தக் கணக்கிலேதான். 1906 முதல் வந்த இந்தியப் பொதுநேரம் அதனினும் 9 நிமிடம் முற்பட்டது. மும்பையும் கொல்கத்தாவும் தத்தம் பழைய நேரத்தை எளிதில் விடவில்லை என்பது வேறு கதை.

தொலைநோக்கி வாங்க எண்ணுவோர் பெருக்கத்தின் எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. 40 மடங்கிலேயே வியாழன், வெறுங்கண்ணுக்கு நிலவு தெரியும் அளவில் தெரியும். நிழலைக் காண 100 முதல் 150 மடங்கு நன்று. கண்ணாடியின் அகலமும் தாங்கியின் உறுதியுமே முதன்மையானவை. கருவியை அரை மணி முன்பே வெளியே வைத்து, குளிரோடு பழகவிடுதல் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நிழல்கள் விழுவது மிக அரிது. 2015 சனவரி 24இல் அது நிகழ்ந்தபொழுது நம் நாட்டில் நண்பகல்.

இரண்டு நிழல்கள் வரும் இரவுகளோ பல உண்டு. அவ்வாண்டின் எஞ்சிய நேரங்களுக்கெல்லாம் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டித் தமிழில் எழுதி, மாடிப்படிச் சுவரில் ஒட்டினோம். மாமி அதில் ஒரு படியைக் கோவையிலுள்ள தம் தங்கைக்கு அனுப்பினார். நேரம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.