புஸ்ஸ்ஸ்… எட்டாயிரம் ரூபாய்!

சிக்னலில் பச்சை விழுகிறது. பக்கத்தில் நின்ற கார் சீறிக்கொண்டு கிளம்புகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம்… 'புஸ்ஸ்ஸ்!' பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர், "பாவம், பஞ்சர்" என்று அனுதாபப்படுவார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, டர்போ!" என்பார்.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் பெயர் 'ப்ளோ ஆஃப் வால்வு'. உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியச் சமாசாரம். சிவப்பு, நீலம் என்று பளபளவென்று டப்பாவில் வரும். 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' வந்ததிலிருந்து உலகம் பூராவும் கார்ப் பைத்தியங்களுக்கு இந்த 'புஸ்' ஒரு வியாதி.

"நீர் பி.காம். உமக்கு என்ஜினைப் பற்றி என்னய்யா தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால், விசாரித்துப் பார்த்தால் இது மெக்கானிக் விவகாரமே இல்லை. சுத்தமான அக்கவுண்ட்ஸ் விவகாரம். அதனால்தான் தைரியமாக உள்ளே நுழைகிறேன்.

இரண்டாம் டிகாக்‌ஷன்

ஆல்ஃபிரெட் பியூக்கி என்ற ஸ்விஸ் என்ஜினீயர் 1905-ல் ஒரு யோசனைக்குப் பேடன்ட் வாங்கினார். என்ஜின் வெளியே துப்புகிற புகையில் இன்னும் வேகமும் சூடும் இருக்கிறது. அதை ஏன் வீணாக்க வேண்டும் என்பதுதான் யோசனை. நம் வீடுகளில் அதே காப்பித் தூளில் இரண்டாவது டிகாக்‌ஷன் இறக்குவதில்லையா, அந்த மாதிரி!

இன்றைய டர்போவில் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம், கம்ப்ரஸர். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் திணிக்கும். நிறையக் காற்று, அதற்கேற்ப நிறையப் பெட்ரோல், சின்ன என்ஜினிலிருந்து பெரிய சக்தி. முழு வேகத்தில் இந்தச் சக்கரங்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்.

வம்பு எங்கே வருகிறது என்றால், நீங்கள் கியர் மாற்ற ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது. பெட்ரோல் காரில் உடனே 'த்ராட்டில்' என்கிற கதவு சாத்திக்கொள்ளும். டர்போவுக்கோ அது தெரியாது. சுற்றின வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டி கேட்டைச் சாத்திய பிறகும் பின்னாலிருந்து நெருக்குகிற முதல் நாள் கூட்டம் மாதிரி. போக வழியில்லாத காற்று திரும்பி, சுற்றுகிற கம்ப்ரஸர் மேலேயே மோதும். 'த்து த்து த்து' என்று புறா சிறகடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். சக்கரமும் மெதுவாகும், பேரிங்குக்கும் நல்லதில்லை.

இதற்காகத்தான் கம்பெனியே ஒரு வால்வு வைத்து அனுப்புகிறது. த்ராட்டில் மூடியதும் அதற்கு அந்தப் பக்கம், என்ஜின் பக்கத்தில், உறிஞ்சல் ஏற்படும். அந்த உறிஞ்சல் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வந்து வால்வைத் திறக்கும். தேங்கின காற்று சத்தமில்லாமல் கொல்லைப்புறமாக வெளியேறி, மறுபடி கம்ப்ரஸருக்கு முன்னால் க்யூவில் போய் நிற்கும். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது.

வெளி மார்க்கெட்டில் விற்கிற வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், காற்றைத் திரும்ப க்யூவுக்கு அனுப்பாமல் பானெட்டுக்கு அடியில் ஊருக்கெல்லாம் கேட்க ஊதிவிடுகிறது. 'புஸ்ஸ்ஸ்!'

காற்றுக்கும் லெட்ஜர் உண்டு

இனி என் டிபார்ட்மென்ட்.

நிறைய டர்போ கார்களில் ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். பெயர் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். ஃபாக்டரி கேட்டில் இன்வர்ட் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற காற்றை ஒரு கிராம் விடாமல் எழுதி, கம்ப்யூட்டருக்கு அனுப்புவார். கம்ப்யூட்டர் அந்தக் கணக்கை நம்பிப் பெட்ரோல் கொடுக்கும்.

கம்பெனி வால்வு திறந்தால் காற்று கேட்டுக்கு உள்ளேயேதான் சுற்றுகிறது. கணக்கு டாலி. வெளியே ஊதுகிற வால்வை மாட்டினால்? ரெஜிஸ்டரில் எழுதிய சரக்கு பின்பக்கச் சுவரேறி ஓடிவிட்டது. கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. வராத சரக்குக்குப் பணம் பட்டுவாடா ஆகிற மாதிரி, இல்லாத காற்றுக்குப் பெட்ரோல் போகும். கியர் மாற்றும் அந்த ஒரு விநாடி என்ஜினுக்குப் பெட்ரோல் ஓவர்டோஸ். சைலன்சரில் கறுப்புப் புகை, 'டப்' என்று ஒரு வெடி. எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் ஆயுளைக் குறைக்கும். புகைக் குழாயில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார், ஆடிட்டர் மாதிரி. எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வந்து தப்பைக் கண்டுபிடிப்பார்!

சில கார்களில் வாட்ச்மேன் கிடையாது. என்ஜின் வாசலில் இருக்கும் பிரஷர் சென்சார், குடோனுக்குள்ளேயே போய் ஸ்டாக் எடுக்கும். அந்தக் கார்களில் வழியில் காற்று ஓடிப்போனாலும் கணக்கு உதைக்காது. ஆகவே உங்கள் கார் எந்த ரகம் என்பதுதான் முதல் கேள்வி. வால்வு விற்கிறவர் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. "என்ன கலர் வேணும் சார்?" என்று கேட்பார்.

டர்போ தம்பி

2012-ல் கோயமுத்தூரில், எங்கள் தெருக் கோடி வீட்டில் ஒரு தம்பி இருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. மூன்று வருஷ போனஸைச் சேர்த்துவைத்து, எட்டு வயசான ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை வாங்கியிருந்தார். 2004-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி, 1.8 லிட்டர், டர்போ, 150 குதிரை சக்தி. அந்த நாளில் நம் ஊரில் பெட்ரோல் டர்போ என்பது வெள்ளைக் காக்காய்.

ஒரு நாள் டப்பாவும் கையுமாக வந்து நின்றார். "அண்ணா, வால்வு வந்திருச்சுங்க! எட்டாயிரம். ஒர்க்‌ஷாப் போறேன், வர்றீங்களா?"

மெக்கானிக் அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, வண்டியில இருக்கிற வால்வு நல்லாத்தானுங்களே வேலை செய்யுது?"

"சத்தமே வரலீங்களே அண்ணா…"

"சத்தம் வரலைன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க."

தம்பி கேட்கிற மூடில் இல்லை.

வேலை என்று பார்த்தால் பிரமாதமில்லை. என்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தார் மெக்கானிக். பழைய வால்வில் மூன்று குழாய்கள். அமுக்கின காற்று வருகிற பெரிய குழாய், காற்று திரும்பிப் போகிற பெரிய குழாய், உறிஞ்சலைக் கொண்டுவரும் சின்ன ரப்பர் குழாய். கிளிப்புகளைத் தளர்த்தி மூன்றையும் கழற்றினார். புது வால்வைக் காற்று வரும் குழாயில் செருகி, ஸ்க்ரூ வைத்த ஹோஸ் கிளிப்பால் இறுக்கினார். சின்னக் குழாயை மாட்டினார்.

முக்கியமான கட்டம் அடுத்தது. காற்று திரும்பிப் போன குழாய் இப்போது அனாதையாகத் திறந்துகிடக்கும். அதை அப்படியே விட்டால் ஃபில்டரைத் தாண்டாத அழுக்குக் காற்று, கேட்டில் எழுதாமலே உள்ளே போகும். கம்ப்ரஸர் சக்கரத்தில் மண்ணும் அடிக்கும். மெக்கானிக் அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டு, அதன் மேலும் ஒரு கிளிப் போட்டார். எல்லா ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, என்ஜினை உறும வைத்துக் கொப்புளம் வருகிறதா என்று பார்த்தார். கடைசியாக ஸ்பிரிங். ரொம்ப இறுக்கமாக இருந்தால் வால்வு திறக்காது, புறா சிறகடிக்கும். ரொம்ப லூஸாக இருந்தால் ஐடிலிங்கிலேயே திறந்துகொண்டு கணக்கில் வராத காற்றை உறிஞ்சும். திருகித் திருகி நடுவில் நிறுத்தினார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஹோப் காலேஜிலிருந்து பீளமேடு போவதற்குள் தம்பி பதினான்கு முறை 'புஸ்' விட்டார். எண்ணினேன். மூன்று நாய்கள் குரைத்தன.

முதல் நாளிலிருந்தே ஒரு குணம் தெரிந்தது. கிளட்ச்சை மிதித்து வண்டி நிற்கும்போது என்ஜின் 'குபுக்' என்று இறங்கி, தடுமாறி, மறுபடி ஏறும். "ரேஸ் கார் அப்படித்தானுங்ணா" என்றார். மைலேஜும் இறங்கியது. அதற்கும் ரேஸ் காரைச் சாட்சிக்கு இழுத்தார்.

மூன்றாவது வாரம். தம்பி ஓட்ட, நான் முன் சீட்டில். பின்னால் அவர் அம்மா, மடியில் கோயில் பிரசாதக் கூடை. அவிநாசி ரோடு, லட்சுமி மில் சிக்னல். தூரத்தில் பச்சையைப் பார்த்து விரட்டியவர், மஞ்சள் விழுந்ததும் காலை எடுத்தார். 'புஸ்ஸ்ஸ்!' என்ஜின் 'குபுக்' என்று இறங்கியது. ஏறவில்லை. ஆஃப்.

என்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்குக்கு பவர் கிடையாது, கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவும் உறிஞ்சல் ஒன்றிரண்டு மிதி வரைதான் மிச்சம் இருக்கும். அதற்கு மேல் மிதித்தால் சுவரை மிதிக்கிற மாதிரி. தம்பி விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அமுக்கி நிறுத்தினார். பின்னால் வந்த டவுன் பஸ் 'க்ரீச்' என்று, எங்கள் டிக்கிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அம்மா கூடையை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "ஏண்டா, பெட்ரோல் போடலியா?"

உண்மையில் பெட்ரோல் ஜாஸ்தி! மறுநாள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி, அடுப்பு மாதிரி. பழைய வால்வைத் திரும்ப மாட்டியதும் குபுக்கும் போயிற்று, புகையும் போயிற்று. எட்டாயிரம் ரூபாய் வால்வு தம்பி வீட்டில் டி.வி. மேல் உட்கார்ந்தது. விருந்தாளிகள் ஊதுபத்தி ஸ்டாண்டா என்று விசாரித்தார்கள்.

டீசல் அன்பர்கள் கவனிக்க

"என் டீசல் வண்டியும் டர்போதானே, அதில் மாட்டலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டீசலில் காற்றுக் கதவைச் சாத்தி வேகத்தைக் குறைப்பதில்லை. டீசலின் அளவைத்தான் குறைக்கிறார்கள். கதவு சாத்தாததால் கூட்டம் தேங்காது. வால்வுக்கு வேலையே இல்லை. அப்படியும் பெடலில் ஸ்விட்ச் வைத்துப் பொய்யாகத் திறக்கிற கிட்டும், ஸ்பீக்கரில் 'புஸ்' போடுகிற கிட்டும் விற்கிறார்கள். அதற்கு நீங்களே கியர் மாற்றும்போது வாயால் ஊதிக்கொள்ளலாம். செலவும் இல்லை, என்ஜினுக்கும் ஆபத்தில்லை.

காக்கிச் சட்டையும் கணக்குப் பார்க்கும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில். சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் தடவையே பத்தாயிரம் வரை போகலாம். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றினால் க்ளெய்ம் நேரத்தில் இழுபறி வரலாம். (தம்பி வேலை பார்த்த ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்!)

அப்படியானால் யாருக்குத்தான் வேண்டும்?

நிஜமான தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பழைய டர்போ கார்களில் கம்பெனி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு வயதாகிக் கிழியும். அப்புறம் வண்டி சோம்பேறியாகும். சோதிப்பது சுலபம். வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் அடைப்பை விரலால் அமுக்குங்கள். அமுக்கியபடியே சின்னக் குழாய் மாட்டும் துவாரத்தை இன்னொரு விரலால் மூடி, அடைப்பை விடுங்கள். அது இறங்காமல் அப்படியே நின்றால் சவ்வு நல்ல சவ்வு. உடனே கீழே வந்துவிட்டால் கிழிந்திருக்கிறது, மாற்றுங்கள். மாற்றும்போது காற்றைத் திரும்ப உள்ளே அனுப்பும் ரகமாகவே கேட்டு வாங்குங்கள். புது கார்கள் பலவற்றில் இந்த வால்வைக் கம்ப்யூட்டரே மின்சாரத்தால் திறக்கிறது. அங்கே விரல் வைத்தியம் செல்லாது, ஸ்கேனர்தான்.

டர்போ பிரஷரைக் கூட்டி ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு உறுதியான வால்வு வேண்டும். அவர்களுக்குச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கையும் அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டுதான் அங்கே போவார்கள்.

மற்றபடி ஆபீஸ் போகிற, அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற நமக்கு இந்த வால்வு ஒரு குதிரை சக்திகூடக் கூடுதலாகத் தராது. சத்தத்தை வேகம் என்று நம்புவது காது மட்டும்தான், ஸ்பீடாமீட்டர் நம்பாது.

எட்டாயிரம் ரூபாய் கையை அரிக்கிறதா? நாலு டயரையும் பாருங்கள். தேய்ந்திருந்தால் இரண்டையாவது மாற்றுங்கள். சிக்னலில் அது 'புஸ்' என்று சொல்லாது. ஆனால், மழையில் பிரேக் போட்டால் நிற்கும்!