நர்ஸ் எங்கே, சம்பளம் எங்கே? எபோலா நேரத்தில் செல்போன் செய்த வேலை

2014-ம் ஆண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. லைபீரியாவின் சுகாதார அமைச்சகத்துக்கு அவசரமாகச் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். எந்த ஊர் சுகாதார நிலையத்தில் யார் இன்னும் வேலை பார்க்கிறார்கள்? அவர்களிடம் கையுறை இருக்கிறதா? கேட்பது சுலபம்தான். ஆனால் யாரிடம், எந்த நம்பரில் கேட்பது?

மருத்துவமனை, மருந்து, தடுப்பூசி பற்றி நாம் நிறைய பேசுகிறோம். இவற்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணியாளர்களை எப்படி நிர்வகிப்பது என்பது பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் டிஜிட்டல் கருவிகள் எங்கே உதவின, எங்கே சொதப்பின? மூன்று இடங்களைப் பார்ப்போம்.

லைபீரியா: முதலில் பட்டியலைச் சரிபண்ணு

லைபீரியாவில் அப்போது அறிமுகமானது ‘எம்ஹீரோ’. இது புத்தம் புதிய சாஃப்ட்வேர் இல்லை. ஏற்கெனவே இருந்த இரண்டின் இணைப்பு. ஒன்று, ‘ஐஹெச்ஆர்ஐஎஸ்’ என்ற பணியாளர் பதிவேடு: பெயர், பதவி, வேலை பார்க்கும் இடம், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, யுனிசெஃப் பயன்படுத்திய ‘ரேப்பிட்ப்ரோ’ என்ற குறுஞ்செய்தி வசதி. இரண்டையும் இணைத்ததும், அமைச்சகம் நேரடியாக நர்ஸின் போனுக்குக் கேள்வி அனுப்பலாம். அவர் பதில் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். சாதாரண பட்டன் போனே போதும்.

பட்டியலில் இருப்பவர் அதே இடத்தில்தான் இருக்கிறாரா என்று சரிபார்க்கவும் இது பயன்பட்டது. அந்தக் கொள்ளைநோயில் லைபீரியா தன் மருத்துவர், நர்ஸ், மருத்துவச்சிகளில் சுமார் 8 சதவீதம் பேரை இழந்தது என்பது உலக வங்கி ஆய்வாளர்களின் கணக்கு. யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியாமல், அடுத்த நாள் வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது?

சியரா லியோன்: ஒரு மாதம் ஒரு வாரம் ஆனது

பக்கத்து நாடான சியரா லியோனில் பிரச்சினை வேறு. உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர்களுக்கு ஆபத்துப் படி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 2014 நவம்பரில் கெனமா நகரில் அடக்கம் செய்யும் குழுவினர், பணம் வராத கோபத்தில் எபோலா சடலங்களை மருத்துவமனை வாசலிலேயே போட்டுவிட்டுப் போராடினார்கள். சம்பளத் தாமதமும் நோயைப் பரப்பும் என்று நாட்டுக்கே புரிந்த நாள் அது.

பிறகு பணியாளர்களை ஒழுங்காகப் பதிவு செய்து, மொபைல் வழியாகப் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். சராசரியாக ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்த பட்டுவாடா, ஒரு வாரத்துக்குக் குறைந்தது. இரட்டைப் பட்டுவாடா, மோசடி, ரொக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் செலவு ஆகியவை குறைந்ததில் சுமார் 1.07 கோடி டாலர் மிச்சமானதாக 2016-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வேலைநிறுத்தங்களும் பெருமளவு குறைந்தன.

ஹரியானா: போனைத் திருப்பிக் கொடுத்த ஆஷாக்கள்

அப்படியென்றால், ஆப் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுதான் இல்லை.

2005-ல் தொடங்கிய ஆஷா திட்டத்தில் இன்று சுமார் 10 லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இவர்களைக் கௌரவித்தது. ஆனால் அரசு ஆவணங்களில் இவர்கள் ஊழியர்கள் அல்ல, தன்னார்வலர்கள். மாதச் சம்பளத்துக்குப் பதில், செய்யும் வேலைக்கு ஏற்ற ஊக்கத்தொகைதான் பெரும்பகுதி.

2021-ல் ஹரியானாவில், அரசு கொடுத்த போன்களில் ‘எம்டிஎம் 360 ஷீல்டு’ என்ற ஆப்பை ஏற்றச் சொன்னார்கள். தங்கள் நடமாட்டத்தைக் கண்காணிக்கவே இது என்று ஆஷாக்கள் எதிர்த்தார்கள். பலர் போனையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊழியர் என்ற உரிமை கிடையாது, ஆனால் ஊழியரைவிடக் கூடுதல் கண்காணிப்பு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

வித்தியாசம் எங்கே?

மூன்று இடத்திலும் கையில் இருந்தது போன்தான். லைபீரியாவில் அது பணியாளரிடம் கேள்வி கேட்டது, பதிலையும் வாங்கிக்கொண்டது. சியரா லியோனில் சம்பளம் கொண்டுவந்தது. ஹரியானாவிலோ, தங்களை வேவு பார்க்க வந்ததாகவே அவர்களுக்குத் தெரிந்தது.

ஆகவே, களப் பணியாளருக்கு ஒரு புது ஆப் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• இதனால் அவருக்கு என்ன கிடைக்கிறது? சீக்கிரம் சம்பளமா, மருந்து இருப்பா, மேலதிகாரியிடமிருந்து பதிலா?
• ஆப் வந்த பிறகு பழைய நோட்டு நிற்குமா, அல்லது ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுத வேண்டுமா?
• சிக்னல் இல்லாத ஊரில் வேலை செய்யுமா?
• அவர் இருக்கும் இடத்தை யார், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டதா?

2030-ல் உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருப்பார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இடைவெளியை எந்த ஆப்பும் நிரப்பாது. ஏற்கெனவே இருப்பவர்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள அது உதவினால், அதுவே பெரிய விஷயம்.