நிலம் விற்ற பணம் முதுமைக்குப் போதுமா?

படப்பையும் அதனை அடுத்த கிராமங்களும் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்தவை. 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையோரத்து நிலங்களின் விலையும் உயர்ந்தது. நிலத்தைத் தொழிற்சாலைக்கோ வீட்டு மனைக்கோ கொடுத்தவர்களிடம் இப்பொழுது நஞ்சைக்குப் பதிலாக ரொக்கம் இருக்கிறது. நஞ்சை வருஷந்தோறும் விளையும். ரொக்கமோ எடுக்க எடுக்கக் குறையும். ஆகையால், அது ஆயுள் முழுவதும் தாங்குமா என்று கணக்கிடுவது அவசியம்.

ஏரிக் கணக்கு

ஏரியில் நீர் எவ்வளவு என்று பாராமல் எந்த விவசாயியும் நடவு செய்வதில்லை. வரத்து, மதகு வழியே பாயும் நீர், வெயிலாலும் கசிவாலும் உண்டாகும் நஷ்டம் ஆகிய மூன்றையும் அறிந்தே இத்தனை காணி நடலாம் என்று தீர்மானிக்கிறோம். பணத்திற்கும் இம்முறையே பொருந்தும். வட்டி வரத்து, குடும்பச் செலவு மதகு, விலைவாசி ஏற்றம் கசிவு. இம்மூன்றாவதை மறப்பவர் பலர்.

ஓர் உதாரணம்

60 வயதுள்ள ஒருவரிடம் 30 இலட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். மாதச் செலவு ரூ. 20,000, வருஷத்திற்கு ரூ. 2,40,000. நூற்றுக்கு 8 வீதம் வட்டி கிடைப்பின் அதுவும் ரூ. 2,40,000. வரவும் செலவும் சரியாகிவிட்டன என்றே தோன்றும். ஆனால் விலைவாசி வருஷத்திற்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின், மறு வருஷமே முதலில் கைவைக்க நேரும். 12 வருஷத்தில் செலவு இரட்டிக்கும். சுமார் 14 வருஷத்தில், அதாவது 74-ஆம் வயதில், முதல் முற்றிலும் தீர்ந்துபோகும். 85 வயது வரை தாங்க வேண்டுமானால் ஏறக்குறைய 48 இலட்சம் தேவை. வருஷச் செலவைப்போல் 20 மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

செய்யத்தக்கவை

1. ஒரு வருஷத்துச் செலவை முழுவதும் எழுதி வைத்தல் வேண்டும். வைத்தியச் செலவுக்கும் கலியாணச் செலவுக்கும் தனியே ஒதுக்கிய பின்னரே மீதியை முதலாகக் கொள்ளுக.

2. நிலம் முழுவதையும் விற்றுவிடாது ஒரு பகுதியை வைத்துக்கொள்வது நலம். விலைவாசி ஏறும்போது விளைபொருளின் விலையும் பெரும்பாலும் உடன் ஏறும்.

3. 60 வயது நிறைந்தோர் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் கட்டலாம். இதன் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. வட்டி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும்.

4. 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிஸான் மான்தன் திட்டத்தில், 2 ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுள்ள 18 முதல் 40 வயது வரையுள்ளோர் சேரலாம். வயதுக்குத் தக்கபடி மாதம் ரூ. 55 முதல் 200 வரை செலுத்தினால், 60 வயதுக்குப் பின் மாதம் ரூ. 3,000 கிடைக்கும். ஆனால் இத்தொகை மாத்திரம் குடும்பச் செலவுக்குப் போதாது.

5. மக்களுக்குச் சொத்தை எழுதிவைப்போர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பிக்க வேண்டும். அது மீறப்பட்டால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்விக்கலாம். வாய்மொழி நிபந்தனையை நிரூபிப்பது கடினம்.

பட்டா மாறுதலுக்காக வருவோரிடம் கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்விஷயங்களை எடுத்துரைப்பார்களாயின் பெரும் உபகாரமாகும். கிரயம் முடிந்தபின் போடும் கணக்கைக் காட்டிலும், கையெழுத்திடுமுன் போடும் கணக்கே பயன் தரும்.