பனி வளர்த்த பந்தயக்காரர்

மொன்றியல் நகரில் நிலக்கீழ் ரயிலின் மஞ்சள் பாதையில் சென்றால் ஆற்றின் நடுவே ஒரு நிலையம் வரும். இறங்கிச் சற்று நடந்தால் நோத்ர்டாம் தீவு. ஆண்டுக்கொரு தடவை அங்கே நடக்கும் போர்முலா 1 கார்ப் பந்தயத்தின் இரைச்சலை நீங்களும் கேட்டிருக்கக்கூடும். அந்தப் பந்தயப் பாதையின் பெயர் ஜில் வில்நெவ். யார் இந்த மனிதர் என்று எம்மவர் பலர் கேட்பதுண்டு.

சில்லுகள் நான்கும் வெளியே தெரிய, தலைக்கு மேல் கூரையில்லாமல் ஒருவர் மாத்திரம் இருந்து ஓட்டும் வண்டிகள் இவை. பெரும்பாலும் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. வில்நெவ் அப்படியான வீட்டில் பிறந்தவரல்லர். 1950 ஜனவரி 18ஆம் திகதி கியூபெக்கில் பிறந்து, பெர்த்தியேவில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தகப்பனாருக்குப் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் தொழில்.

அவருக்கு ஓட்டம் பழக்கியது பனிதான். நாங்கள் நொந்துகொள்ளும் அதே பனி! பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிப் பந்தயங்களில் இளவயதிலேயே இறங்கினார். முன்னால் ஓடும் வண்டி தூற்றும் பனித்தூளில் வழியே தெரியாது. வண்டியோ வழுக்கிக்கொண்டே போகும். குளிர்காலத்துக்குச் சில தடவையாவது பனிக்கட்டியில் தூக்கி எறியப்படுவார். பின்னாளில் மற்றவர்கள் மழையைக் கண்டு தயங்கியபோது தமக்குப் பயமில்லாமற் போனதற்கு இதையே அவர் காரணமாகச் சொன்னார். 1979இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் பாதையில் கொட்டும் மழையிலே நடந்த பயிற்சியில் அவருக்கு அடுத்தவர் ஒரு சுற்றுக்கு ஒன்பது செக்கனுக்கு மேல் பின்தங்கியிருந்தார். அரைச் செக்கனே பெரிதாகக் கருதப்படும் விளையாட்டு இது.

பனியில் கிடைத்த பணம் கார்ப் பந்தயத்துக்குப் போதவில்லை. 1974இல் ஒரு குழுவில் இடம்பிடிக்கக் குடியிருந்த நடமாடும் வீட்டையே விற்றார். மனைவி ஜோஆன், மகன் ஜாக்கிற்கு அப்போது மூன்று வயது, மகள் மெலனி அதற்கும் இளையவள். எங்கள் பெரியவர்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! அவரின் துணிச்சலைப் பலரும் எழுதுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர் ஜோஆன் என்பதே என் எண்ணம். அதே ஆண்டில் ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள மொஸ்போட் பாதையில் அவரின் காலும் முறிந்தது.

1976இல் காற்று மாறியது. அட்லாண்டிக் வகைப் பந்தயங்களில் கனடாப் பட்டம், அமெரிக்கப் பட்டம் இரண்டையும் வென்றார். துரோவா ரிவியேர் நகரில், அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் ஹன்டையே முந்தினார். மறு ஆண்டு பெராரி நிறுவனம் அழைத்தது. தொடக்கம் நல்லதாக இருக்கவில்லை. 1977இல் ஜப்பானில் அவரது வண்டி இன்னொன்றில் மோதிப் பறந்து விழுந்ததில், தடை செய்யப்பட்ட இடத்தில் நின்ற இருவர் இறந்தனர்.

1978 ஒக்ரோபர் 8. நோத்ர்டாம் தீவில் நடந்த முதலாவது கனடா கிறான் பிறீ. கடுங்குளிர். அந்நாளில் சொந்த மண்ணில், சொந்தச் சனத்தின் முன்னே, தமது முதல் வெற்றியைப் பெற்றார் வில்நெவ்.

அடுத்த ஆண்டு உலகப் பட்டமே கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஆனால் இத்தாலியின் மொன்சாவில் சக ஓட்டுநர் ஜோடி ஷெக்டருக்குப் பின்னாலேயே கடைசிவரை ஓடினார். அவர் வென்றால் பட்டம் அவருக்கு. முந்தக்கூடாது என்பது குழுவின் ஒழுங்கு. முந்தவில்லை. சொன்ன சொல்லைக் காப்பவர் என்ற பெயர் அதனாலேயே நிலைத்தது.

1982 ஏப்ரலில் இமோலாவில் தமக்கு நேர்ந்ததை அவரால் பொறுக்க முடியாமற் போனதும் அதனாற்றான். வேகத்தைக் குறைக்கும்படி குழு காட்டிய பலகையை, இருந்த வரிசையிலேயே ஓடி முடிக்கச் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டார். சக ஓட்டுநர் டிடியே பிரோனி கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். வில்நெவ் அவருடன் பேச்சை நிறுத்தினார்.

இரண்டு வாரத்தின் பின், மே 8ஆம் திகதி, பெல்ஜியத்தின் சோல்டர் பாதையில் தகுதிச் சுற்று. மெதுவாகச் சென்ற ஒரு வண்டியின் பின்புறத்தில் இவரது வண்டி மோதியது. இருக்கையோடு தூக்கி எறியப்பட்டு அன்றிரவே மரணமானார். வயது 32. ஓடியது 67 பந்தயம், வென்றது ஆறு. உலகப் பட்டம் இல்லை. அதே ஆண்டு தீவின் பாதைக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

தகப்பனை இழந்தபோது ஜாக்கிற்கு 11 வயது. அவரும் அதே தொழிலுக்கே போனார். 1995இல் தகப்பனின் 27ஆம் இலக்கத்தோடு இன்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். 1997இல் போர்முலா 1 உலகப் பட்டத்தையும் பெற்றார். அதை வென்ற கனடியர் அவர் ஒருவரே. ஆனால் தகப்பனின் பெயர் தாங்கிய பாதையில் அவர் ஒரு தடவைதானும் வென்றதில்லை. 1996இல் இரண்டாவதாக வந்தார், அவ்வளவுதான்.