கூடாத கமிட்டி, மூழ்கிய கம்பெனி

மும்பையில் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் ஐ.எல். அண்ட் எப்.எஸ். கம்பெனியின் பெரிய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். சென்ட்ரல் பாங்க், யூனிட் டிரஸ்ட், எச்.டி.எப்.சி. மூன்றும் சேர்ந்து 1987ல் தொடங்கியது. காஷ்மீரப் பாதையில் 9 கிலோமீட்டர் சுரங்கச் சாலை, பரங்கிப்பேட்டையில் அனல் மின்நிலையம், திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் என்று அது கைவைக்காத வேலை இல்லை.

அப்படிப்பட்ட கம்பெனி 2018 செப்டம்பரில், சிறுதொழில் வளர்ச்சி பாங்குக்குத் தர வேண்டிய 1,000 கோடி ரூபாயைத் தர முடியாமல் கையை விரித்தது.

சொத்து இல்லாமல் இல்லை, தவணைதான் பொருந்தவில்லை. சாலை போட்டால் சுங்கம் வசூலாகி முதல் தேற இருபது வருஷம் ஆகும். அதில் போட்ட பணத்தில் கணிசமான பகுதியோ சில மாதங்களில், அல்லது ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டிய கடன். கைமாற்று வாங்கி ஊரில் வீடு கட்டியவர் கதைதான். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்கு அடைக்க முடிகிற வரை வெளியே தெரியாது. புதுக் கடன் நின்ற அன்று எல்லாம் நின்றது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்கென்றே டைரக்டர்கள் கமிட்டி ஒன்று இருந்தது. 2015 ஜூலையில் கூடியது. அதன்பின் மூன்று வருஷம் கூடவே இல்லை. டீ, பிஸ்கட் செலவுகூட வைக்காத கமிட்டி! வெளியிலிருந்து தரம் பார்க்கிறவர்களும் ஆகஸ்டு தொடக்கம் வரை மூன்று 'ஏ' போட்டுவிட்டு, செப்டம்பரில் 'டி' போட்டார்கள்.

அக்டோபர் 1ந் தேதி மத்திய அரசு கம்பெனிச் சட்ட டிரிபியூனலுக்குப் போய் பழைய டைரக்டர்களை இறக்கி, உதய் கோடக் தலைமையில் புதியவர்களை உட்கார வைத்தது. 2016ம் வருஷத்துத் திவால் சட்டம் அப்போது நிதிக் கம்பெனிகளைத் தொடவில்லை. அதனால்தான் இந்தச் சுற்றுவழி. கணக்கைத் திறந்தால் கிளைக் கம்பெனிகள் 300க்கு மேல், கடன் 90,000 கோடிக்கு மேல்.

பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று ஒரு குமாஸ்தா இருந்துவிட முடியவில்லை. மூன்று 'ஏ'வை நம்பிப் பல கம்பெனிகளின் பிராவிடண்ட் பண்டு டிரஸ்டுகள் அந்தக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தன. அவற்றில் அடமானம் இல்லாத பத்திரங்களும் உண்டு. அடமானம் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால்தான் அவற்றுக்கு இடம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம், 2019ல் மேல்முறையீட்டு டிரிபியூனலில் மனுவோடு நின்றது.