மணிக்கு எத்தனை கன மீட்டர்?

போகி விடியற்காலையில் சென்னையில் ஜன்னலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். பழைய பாய், கிழிந்த துணி, சில தெருக்களில் டயர். மார்கழிக் கடைசியில் அந்த நேரத்துக் காற்று அசையாது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருக்கும். எழுந்த புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தேங்கும். 2018 போகியன்று புகையும் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ள, சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு வீசிங் உண்டு. ஏழு வயது. அப்படியொரு போகி முடிந்த மறுநாள் அக்கா போன் செய்தாள். "டேய், காத்த சுத்தம் பண்ற மிஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். கூட வா."

கடையில் இருந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். "இது செவன் ஸ்டேஜ் மேடம். யூ.வி. லைட் இருக்கு, அயனைசர் இருக்கு, போன்லயே ஆன் பண்ணலாம்." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதோட சி.ஏ.டி.ஆர். எவ்வளவு தம்பி?" என்றேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு பக்கத்திலும் அந்த எண் இல்லை. வேறு கடைக்குப் போனோம்.

ஏர் ப்யூரிஃபையர் என்பது, உடைத்துப் பார்த்தால், ஒரு விசிறியும் ஒரு வடிகட்டியும்தான். விசிறி அறைக் காற்றை இழுத்து வடிகட்டி வழியே தள்ளுகிறது. வடிகட்டி பெரும்பாலும் ஹெப்பா வகை. 1940களில் அமெரிக்கா அணுகுண்டு செய்துகொண்டிருந்தபோது, கதிரியக்கத் தூசியைப் பிடித்து நிறுத்துவதற்காக உருவான தொழில்நுட்பம் இது. காகிதம்போல் மெலிந்த இழைப் பரப்பை, நிறைய இடம் கிடைப்பதற்காக விசிறி மடிப்பாக மடித்து வைத்திருப்பார்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இந்த 0.3 எவ்வளவு சிறிது என்று புரியும்.

அதென்ன 0.3? அதைவிடச் சிறிய துகள்கள் நழுவிப் போய்விடாதா? பலரும் கேட்கும் கேள்வி இது. விடை நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரானது. ஹெப்பா வடிகட்டியைச் சல்லடை என்று நினைப்பதால் வரும் குழப்பம் அது. அந்த இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பிடிபடும் துகள்களைவிடப் பெரியது. அப்படியானால் எப்படிப் பிடிபடுகின்றன? காற்று ஒவ்வோர் இழையையும் சுற்றி வளைந்து போகிறது. கனத்த துகளால் அந்த வளைவில் திரும்ப முடியாது. வேகமாக வந்த லாரி திருப்பத்தில் நேரே போய்ச் சுவரில் மோதுவதுபோல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளின் கதை வேறு. காற்றின் மூலக்கூறுகள் அதை நாலாபுறமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய குழந்தைபோல் அது இங்கும் அங்கும் அலைக்கழிந்து, எப்படியும் ஏதோ ஓர் இழையைத் தொட்டுவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மோதும் அளவுக்குக் கனமும் இல்லாமல், அலையும் அளவுக்குச் சிறிதாகவும் இல்லாமல் நடுவில் இருப்பதுதான் தப்பிக்கப் பார்க்கிறது. அந்த நடுவளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். தப்பிப்பதில் கெட்டிக்காரத் துகளை வைத்தே பரீட்சை நடத்துகிறார்கள். அதனால் அதைவிடச் சிறியதும் பெரியதும் இன்னும் நன்றாகவே பிடிபடும்.

ஆனால் 99.97 என்ற எண்ணைப் பார்த்து மயங்கி வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அறைக் காற்று வடிகட்டி வழியே ஒருமுறை போய் வெளியேறிவிடுவதில்லை. திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே ஒருமுறையில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்று உள்ளே போய் வருகிறது என்பதே முக்கியம். மணிக்கு 100 கன மீட்டர் காற்றை 99.97 சதவீதம் சுத்தமாக்கும் கருவியைவிட, 300 கன மீட்டரை 90 சதவீதம் சுத்தமாக்கும் கருவி உங்கள் அறைக்கு இரண்டரை மடங்குக்கு மேல் உதவும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண்தான் சி.ஏ.டி.ஆர். ஒரு மணி நேரத்தில் அந்தக் கருவி எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தருகிறது என்பதற்கான கணக்கு அது.

ஒரு விசிறியும் வடிகட்டியுமே போதும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. 2013 ஜனவரி 12 அன்று பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகத்தின் அளவி காற்றுத் தரக் குறியீட்டை 755 என்று காட்டியது. அந்த அளவுகோலே 500-உடன் முடிந்துவிடுவது. அப்போது அங்கே இருந்த தாமஸ் டால்ஹெல்ம் என்ற உளவியல் ஆய்வு மாணவர், கடையில் விற்ற கருவிகளின் விலையைப் பார்த்துவிட்டு, சாதாரண விசிறியில் ஒரு ஹெப்பா வடிகட்டியைப் பட்டையால் கட்டி ஓடவிட்டார். துகள் எண்ணும் கருவியை வைத்து அளந்து, எண்களை எல்லோரும் பார்க்க வெளியிட்டார். 2020-ல் கொரோனாக் காலத்தில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இரு அமெரிக்கர்கள் சதுர விசிறி ஒன்றையும் சில வடிகட்டிகளையும் டேப்பால் ஒட்டிப் பெட்டி செய்தார்கள். அந்த வடிகட்டிகள் ஹெப்பா அல்ல, அதைவிட மட்டமானவை. ஆனால் பரப்பு பெரிது, காற்றோட்டம் அதிகம். விலை உயர்ந்த கருவிகளுக்கு ஈடாக அந்தப் பெட்டி வேலை செய்தது.

உங்கள் அறைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அக்கா வீட்டுப் படுக்கையறை 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 1200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறையாவது சுத்தமாக வேண்டும். ஐந்தால் பெருக்கினால் 170. ஆனால் 170 உள்ள கருவியை வாங்காதீர்கள். விசிறி முழு வேகத்தில் ஓடும்போது அளந்த எண் அது. அந்த இரைச்சலில் குழந்தை தூங்காது. ராத்திரி வேகத்தைக் குறைப்பீர்கள், எண்ணும் விழுந்துவிடும். நாங்கள் 300 உள்ளதாக வாங்கினோம். பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் சத்தமில்லாமல் ஓடுகிறது. '500 சதுர அடிக்கு ஏற்றது' என்ற வாசகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மணிக்கு எத்தனை முறை என்ற கணக்கைக் குறைத்துக்கொண்டால் எந்தக் கருவியையும் பெரிய அறைக்கு ஏற்றதாகச் சொல்லிவிடலாம்.

அயனைசர் வேண்டாம். சில கருவிகளில் அது ஓசோனை உண்டாக்கும். வானத்து உச்சியில் நம்மைக் காக்கும் அதே வாயு மூச்சுக்குழாயில் போனால் எரிச்சல், வீசிங் உள்ள குழந்தைக்கு ஆகவே ஆகாது. இதற்காகவே கலிஃபோர்னியா மாநிலம் ஒரு வரம்பு விதித்திருக்கிறது. கருவி வெளியிடும் காற்றில் ஓசோன், நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டினால் அங்கே விற்க முடியாது. மணலியின் ஆலை வாடைக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டு வாடைக்கும் ஹெப்பா உதவாது, அவை வாயுக்கள். அதற்குக் கரி வடிகட்டி வேண்டும். அதுவும் கிலோ கணக்கில் இருந்தால்தான் பயன். வலையில் கரிப்பொடி தூவிய மெல்லிய தகடு சீக்கிரமே நிறைந்துவிடும். தொட்டிச் செடிகளை வளர்ப்பது மனசுக்கு நல்லது, காற்றுக்கு அல்ல. 2019-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, சில கணக்குகளில் ஆயிரம் வரை வைக்க வேண்டும். மாற்று வடிகட்டியின் விலையையும், அது நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் கருவி வாங்கும் முன்பே கேளுங்கள். ஹெப்பாவைக் கழுவக் கூடாது. நனைந்தால் இழை கெட்டுவிடும்.

நம் வீடுகளில் பெரிய சிக்கல் வேறொன்று. ஜன்னல் திறந்திருந்தால் இந்தக் கருவியால் ஒன்றும் ஆகாது. அது சுத்தம் செய்யும் வேகத்தைவிட வெளிக்காற்று உள்ளே வரும் வேகம் அதிகம். மூடி வைத்தாலோ கரியமில வாயு ஏறும். வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு சொச்சம் இருப்பது, இரண்டு பேர் மூடிய அறையில் இரவு முழுக்கத் தூங்கினால் 2000-ஐ எளிதில் தாண்டும். அதைக் குறைக்க இந்தக் கருவியால் முடியாது, ஸ்ப்ளிட் ஏ.சி.யாலும் முடியாது. ஆகவே வெளியே காற்று நன்றாக இருக்கும் நாளெல்லாம் ஜன்னல் திறந்தே இருக்கட்டும், கருவி அணைந்தே இருக்கட்டும் என்பது என் கருத்து.

வாங்கிய கருவியைப் படுக்கையறையில் வைத்த அன்று இரவு அக்கா வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தினாள். எனக்குப் பகீரென்றது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று காட்டியது. இத்தனை நாளும் போகிப் புகையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்; அது வருஷத்தில் ஒரு நாள். இது தினமும், குழந்தையின் தலைமாட்டில். மறுநாளே ஜன்னலுக்கு வலை அடித்தோம், கட்டிலுக்குக் கொசுவலை கட்டினோம். சாம்பிராணி கூடத்தோடு நின்றது. தாளிக்கும்போது சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் அப்படியே தொடர்கிறது. அதற்கு மாற்றாக எந்தக் கருவியும் வராது.

அடுத்த போகியன்று காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "எல்லா ஜன்னலையும் சாத்திட்டேன், மிஷின ஃபுல்லா வெச்சிருக்கேன். எப்படா தொறக்கறது?"

"வெயில் ஏறட்டும்க்கா. தரை சூடானா புகை மேல கெளம்பிடும். பத்து, பதினொரு மணிக்கு எட்டிப் பாரு, எதிர்த்த தெரு தண்ணித் தொட்டி தெளிவாத் தெரிஞ்சா தொறந்துடு."

பதினொன்றரைக்குத் திறந்ததாகச் சொன்னாள். பையன் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.