பெட்டியை அனுப்புவதற்கு முன்: யாழ்ப்பாணத்தில் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய என்ன தேவை?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் நம் உறவினர் ஒருவருக்கு ஐம்பது வயதானதும் சுகாதாரத் துறையிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. லண்டனில் இருப்பவருக்குத் தபாலில் ஒரு சிறிய பெட்டியே வந்துவிடுகிறது. அதிலுள்ள குச்சியால் மலத்தில் சிறிதளவு தொட்டுக் குழாயில் இட்டுத் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் கலந்திருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். ஊரில் இருந்துவிட்ட அவர்களுடைய சகோதரருக்கு அப்படி ஒரு கடிதம் வருவதில்லை. இரத்தம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகும், மூலவியாதி என்று நினைத்துப் பல மாதங்கள் கடத்திவிட்டே பலர் வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

இந்த வேறுபாட்டைக் காணும் புலம்பெயர் நண்பர்கள் சிலர், "அந்தப் பெட்டிகளை வாங்கி அனுப்பினால் ஊரில் கொடுக்க முடியாதா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி. ஆனால், இதைப்பற்றித் தேடி வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகியது. பெட்டி இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுப்பது சிலருக்குப் பயனில்லாமலும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம்.

நோய் வருமுன் கிடைக்கும் கால அவகாசம்

உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் இறந்தனர். இலங்கையிலும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இது ஒன்று.

இந்த நோயில் நமக்குச் சாதகமான விடயம் ஒன்று உண்டு. பெரும்பாலும் இது குடலின் உட்சுவரில் முளைக்கும் 'பொலிப்' எனப்படும் சிறு வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளளவு எடுக்கும். அந்த இடைவெளியில் பொலிப்பைக் கண்டு அகற்றிவிட்டால் நோய் வராமலே தடுக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த ஆய்வு, ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்த குழுவில் இந்த நோயால் ஏற்படும் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1993இல் காட்டியது. இங்கிலாந்தின் நொட்டிங்காமில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்ததில் 15 வீதம் குறைந்தது. அந்த முடிவு 1996இல் வெளியானது.

இலங்கையில் இந்த நோய்க்கென மக்கள் அனைவரையும் வயதுப்படி அழைத்துப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இல்லை.

முகாம் வேறு, திட்டம் வேறு

'ஸ்கிரீனிங்' என்பது மாவை அரிதட்டில் அரிப்பது போன்றது. அரிதட்டில் தங்கியதெல்லாம் கல் அல்ல. எடுத்து இன்னொருமுறை பார்க்கவேண்டியது, அவ்வளவுதான். மலத்தில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்த பலருக்குப் புற்றுநோய் இருக்காது. யாருக்கு இருக்கிறது என்பதை அறியக் கொலோனோஸ்கோபி, அதாவது கமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திக் குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை, செய்தாகவேண்டும்.

செய்தி சேகரிக்க நான் சென்ற இலவச மருத்துவ முகாம்களில் எல்லாம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இருந்தது. வராதவர்கள் எத்தனை பேர், பிரச்சினை இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்ற கணக்குகள் இருந்ததில்லை. முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அருகில் வசிப்பவர்கள், ஏற்கனவே உடல்நலத்தில் கவனமுள்ளவர்கள். கூலி வேலைக்குப் போனவரும், படுக்கையில் இருக்கும் தாயை விட்டு வர முடியாதவரும் வருவதில்லை.

திட்டம் என்பது பெயர்ப் பட்டியலில் தொடங்குகிறது. அழைப்பு, பரிசோதனை, முடிவு, கொலோனோஸ்கோபி, நோய்க்குறியியல் அறிக்கை, தேவையானால் சத்திரசிகிச்சை, ஒன்றும் இல்லையென்றால் இரண்டு ஆண்டுகளில் மீண்டும் அழைப்பு என்று சங்கிலியாகப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் வெளியிட்ட தர வழிகாட்டி இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அழைக்கப்பட்டவர்களில் குறைந்தது 45 வீதமானோர் பங்கேற்கவேண்டும், 65 வீதத்தைத் தாண்டினால் நல்லது. இரத்தம் கண்டவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோருக்கு 31 நாள்களுக்குள் கொலோனோஸ்கோபி கிடைக்கவேண்டும். செய்யப்படும் கொலோனோஸ்கோபிகளில் 90 வீதத்துக்கு மேல் குடலின் கடைசி முனைவரை சென்று பார்த்தவையாக இருக்கவேண்டும். பாதி வழியில் திரும்பி வந்த பரிசோதனை, 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்ற பொய்யான நிம்மதியைத் தந்துவிடும்.

பட்டியல் யாரிடம் இருக்கிறது?

நமக்கு முன்னுதாரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1996 முதல் இலங்கையில் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் இதற்கு நெருக்கமான அனுபவம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காக 35 வயதுப் பெண்களை இலக்காக வைத்து, ஒரு பிரிவில் அந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று அங்கே கணக்கிடுகிறார்கள். இதைச் சாத்தியமாக்குவது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. வீடு வீடாகப் போகும் அவருக்கு ஒவ்வொரு குடும்பத்தையும் தெரியும்.

ஆனால், அந்தப் பதிவேடு பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களின் குடும்பங்களுக்கானது. 49 வயதோடு அது நின்றுவிடுகிறது. பெருங்குடல் பரிசோதனை பல நாடுகளில் தொடங்குவதே 50 வயதில். ஆண்களையும் சேர்த்து அந்த வயதினரைத் தேடிப்போகும் பதிவேடு சுகாதாரத் துறையில் இல்லை.

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. விதானையிடம் உள்ள விபரங்களையும் வாக்காளர் இடாப்பையும் வைத்துத் தொடங்கலாம் என்றாலும், இடம்பெயர்வும் புலம்பெயர்வும் நிறைந்த மண்ணில் காகிதத்தில் இருப்பவரெல்லாம் வீட்டில் இருப்பதில்லை. வீட்டில் இருப்பவரெல்லாம் காகிதத்தில் இருப்பதுமில்லை. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே இராணுவப் பதிவு நினைவுக்கு வரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எனவே, இந்த விபரம் யாரிடம் இருக்கும், எதற்கு மட்டும் பயன்படும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். தெரிந்த முகமான குடும்பநல உத்தியோகத்தர் அதைக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

வெயிலும் கடலும்

மல மாதிரியிலுள்ள இரத்தம் சூட்டில் சிதைந்துவிடும். அப்போது நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும். இதனால் அவுஸ்திரேலியா, மாதச் சராசரி வெப்பநிலை 30.5 பாகை செல்சியஸைத் தாண்டும் பகுதிகளுக்கு அந்த மாதங்களில் பெட்டிகளை அனுப்புவதில்லை. நம் சித்திரை, வைகாசி வெயிலில், தகரக் கூரை வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்து பஸ்ஸில் கொண்டுவரப்படும் மாதிரியை நம்ப முடியுமா? மாரி மாதங்களில் கொடுப்பது, குளிர்ப்பெட்டியில் அன்றே சேகரிப்பது போன்ற ஏற்பாடுகள் இங்கே அவசியம்.

நெடுந்தீவில் இருக்கும் ஒருவருக்கு இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் என்ன செய்வார்? கொலோனோஸ்கோபிக்கு முன்தினம் மருந்து குடித்துக் குடலை முழுமையாக வெளியேற்றவேண்டும். அந்த நிலையில் படகேறி குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகமுடியாது. முதல் நாளே தங்க ஓர் இடம், மலசலகூடம், கூட ஓர் ஆள் வேண்டும். இவை திட்டத்தில் எழுதப்படாவிட்டால் தீவகத்தவர் பங்கேற்பு கடிதத்தோடு நின்றுவிடும்.

முடிவு வந்த பிறகு

தாய்லாந்தின் லம்பாங் மாகாணம் 2011இல் தொடங்கிய முன்னோடித் திட்டம் நமக்குப் பொருத்தமான பாடம். 50 முதல் 65 வயதுவரையான சுமார் 1 இலட்சத்து 27 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 63 வீதமானோர் பங்கேற்றனர். 873 பேருக்கு மட்டுமே இரத்தம் கண்டறியப்பட்டது. காரணம், எவ்வளவு இரத்தம் இருந்தால் 'உண்டு' எனக் கொள்வது என்ற எல்லையை அவர்கள் உயர்த்தி வைத்தார்கள். அப்படியிருந்தும் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் 627 பேர்தான். பின்னர் தாய்லாந்து 2018இல் இதை நாடு முழுவதற்கும் விரித்தது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நாம் 10,000 பேரை அழைக்கிறோம், 6,000 பேர் செய்கிறார்கள், 5 வீதத்தினருக்கு இரத்தம் தெரிகிறது. 300 கொலோனோஸ்கோபிகள் கூடுதலாக வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போயிருக்கும் நிலையில், அறிகுறியோடு ஏற்கனவே காத்திருப்பவர்களை இந்த 300 பேர் பின்தள்ளிவிடக்கூடாது. ஆகவே, எத்தனை கொலோனோஸ்கோபி செய்யமுடியும் என்பதிலிருந்தே எத்தனை பேரை அழைப்பது என்று தீர்மானிக்கவேண்டும்.

எதைக் கேட்பது, எதற்குக் கொடுப்பது

தெற்கிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் மக்கள் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழை புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடம் எழுந்தது. கொடுக்கும் மனம் இருக்கிறது. அடுத்துக் கொடுக்கப்படும் பணம் பெட்டிகளுக்கு அல்லாமல், ஒரேயொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் பட்டியல் தயாரிக்கவும், இரத்தம் கண்டவரைத் தொலைபேசியில் அழைத்துக் கொலோனோஸ்கோபி முடியும்வரை கூடநிற்கும் ஒரு தாதிக்கும், தீவகத்தவருக்கான தங்குமிடத்துக்கும், விசேட பயிற்சிக்கும் போகட்டும். பெயர்களை விட்டு எண்ணிக்கைகளை மட்டும் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடவேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கலாம்.

திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத இரத்தச்சோகை அல்லது மெலிவு இருப்பவர்களுக்கு ஸ்கிரீனிங் பொருந்தாது. அவர்கள் நேரே வைத்தியரிடம் போகவேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர்களுக்குப் பரிசோதனை ஐம்பதுக்கு முன்பே தேவைப்படலாம்.